ஐயரிடம் கேளுங்கள்: 40 வருஷத்துக்கும் 9 நாளுக்கும் ஒரே கூலியா?

நவம்பர் 2 கல்லறைத் திருநாள் முடிந்த கையோடு வந்த கடிதங்கள் இவை. முக்கால்வாசிப் பேர் பரலோகத்தைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள். கல்லறைக்கு வெள்ளையடித்து, மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்தால் மனது அங்கேதான் போகும். சபை குருவான (எங்கள் பக்கத்தில் ஐயர் என்பார்கள்) எனக்கும் 76 ஆகிறது. நான் மட்டும் என்ன விதிவிலக்கு?

ஐயா, ஸ்தோத்திரம். எனக்கு 61 வயது. 40 வருஷமாக ஓய்வுநாள் பாடசாலையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். தசமபாகம் ஒரு மாதம் தவறியதில்லை. என் கொழுந்தனார் வாழ்நாள் முழுக்கக் குடித்தார். பெற்ற தாய்க்கு ஒரு வாய் கஞ்சி ஊற்றவில்லை. ஈரல் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மனந்திரும்பினார். 9ஆம் நாள் இறந்துபோனார். அடக்க ஆராதனையில் "நம் சகோதரர் மகிமையில் பிரவேசித்துவிட்டார்" என்றார் எங்கள் ஐயர். அப்படியானால் என் 40 வருஷத்துக்கு என்ன அர்த்தம்? கேட்கவே கூச்சமாக இருக்கிறது. பெயர் போட வேண்டாம்.
— வாசகி, நாசரேத்

பெயர் போடவில்லை அம்மா. கூச்சமும் வேண்டாம். உங்களுக்கு முன்னாலேயே பேதுரு கேட்டுவிட்டார்: "நாங்கள் எல்லாவற்றையும் விட்டு, உம்மைப் பின்பற்றினோமே, எங்களுக்கு என்ன கிடைக்கும்?" மத்தேயு 19ஆம் அதிகாரம். நேரடியான கேள்வி. ஆண்டவர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. சிங்காசனம் உண்டு, நூறத்தனையாக உண்டு, நித்திய ஜீவன் உண்டு என்று சொல்லிவிட்டு, அதே மூச்சில் ஒரு கதையும் சொன்னார். அதுதான் 20ஆம் அதிகாரத்துத் திராட்சத்தோட்டக் கதை. அதிகாரம் பிரித்தவர்கள் நடுவில் ஒரு கோடு போட்டுவிட்டதால், கதை பேதுருவின் கேள்விக்கு வந்த பதில் என்பதே நமக்கு மறந்துபோய்விட்டது.

கதை உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். விடியற்காலை வந்தவர்களுக்கு "ஒரு பணம்" கூலி பேசுகிறார் எஜமான். கடைசியாகப் பதினோராம் மணி வேளையில், நம் கணக்குக்குச் சாயங்காலம் 5 மணிக்கு, வந்தவனுக்கும் ஒரு பணம். வெயிலில் வெந்தவன் முறுமுறுக்கிறான். நான் வாலிபனாக இருந்தபோது இந்த வசனத்தைப் பிரசங்கிக்கவே மாட்டேன். எனக்கும் அது அநியாயமாகத்தான் பட்டது.

அதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் ஊர் உடன்குடி பக்கத்துத் தேரிக்காடு. எனக்குப் பத்து வயது இருக்கும்போது, ஓய்வுநாள் பாடசாலைக்கு வருஷம் முழுக்க ஒரு வாரம்கூடத் தவறாமல் போனேன். காய்ச்சலோடு போன ஞாயிறும் அதில் சேர்த்தி. பரிசு ஒரு எவர்சில்வர் டம்ளர். அந்தக் காலத்தில் எவர்சில்வர் என்றால் பெரிய விஷயம். என் பெயரைக் கூப்பிட்டார்கள், போய் வாங்கினேன். அடுத்து ஒரு பனையேறியின் மகனைக் கூப்பிட்டார்கள். பதநீர் சீசன் முழுக்க அப்பாவோடு விடிளிக்கு (பதநீர் காய்ச்சும் குடிசை) போய்விட்டு, கடைசி இரண்டு மாதம் மட்டும் வந்தவன். அவனுக்கும் அதே டம்ளர். உபதேசியார் மனைவி தன் கைக்காசில் வாங்கி வைத்திருந்தார்களாம். அன்றைக்கு மதியம் நான் சாப்பிடவில்லை. டம்ளரைக் கிணற்றில் போடப் போனேன். அம்மா பிடுங்கிக்கொண்டாள்.

பல வருஷம் கழித்துப் பாளையங்கோட்டையில் ஒரு முக்கில் பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் கதை பிடிபட்டது. காலை 7 மணிக்குக் கொத்தனார்கள் வந்து கையாட்களைப் பொறுக்குவார்கள். திடகாத்திரமானவர்கள் முதலில் போய்விடுவார்கள். 9 மணிக்கு மேல் நிற்பவர்கள் யார்? கிழவர், கை விளங்காதவர், இருமல்காரர். 11 மணி வரை நின்றுவிட்டு, தூக்குச்சட்டியைத் திறக்காமலே வீட்டுக்குத் திரும்புவார்கள். பைபிளில் அந்தக் கடைசி ஆட்களிடம் "ஏன் சும்மா நிற்கிறீர்கள்?" என்று கேட்டால், "ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை" என்கிறார்கள். அவர்கள் சோம்பேறிகள் என்று கதையில் எங்குமே இல்லை. ஒரு பணம் என்பது ஒரு வீடு ஒரு நாள் சாப்பிடும் கூலி. அதைப் பன்னிரண்டாக வகுத்துக் கொடுத்தால் அந்த வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரியாது. எஜமான் மணிக்கணக்குப் பார்க்கவில்லை, அடுப்பைப் பார்த்தான்.

நித்திய ஜீவனும் அப்படித்தான். பாதி நித்தியம் என்று ஒன்று உண்டா? ரோமர் 6:23ஐப் பாருங்கள். "பாவத்தின் சம்பளம் மரணம்." சம்பளம் என்ற சொல் அங்கேதான் வருகிறது. கிரேக்கத்தில் அது போர்ச்சேவகனுக்குக் கொடுக்கும் படிக்காசு. நித்திய ஜீவனுக்கு வரும்போது பவுல் சொல்லை மாற்றிவிடுகிறார்: "கிருபைவரம்."

சரி, இதெல்லாம் உங்களுக்கே தெரிந்திருக்கும். உங்கள் கடிதத்தின் ஓரத்தில் பேனா மாற்றி ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "அத்தைக்கு 4 வருஷம் படுக்கையில் எல்லாம் பார்த்தது நான்தான்." எனக்கு அந்த வரிதான் கடிதம். கொழுந்தனார் பரலோகம் போனது உங்களுக்குப் பெரிய வருத்தமில்லை. அந்த 4 வருஷத்தைப் பற்றி அடக்க ஆராதனையில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை என்பதுதான் வருத்தம். நியாயமான வருத்தம். அந்தத் தப்பை நானும் எத்தனையோ துக்க வீடுகளில் செய்திருக்கிறேன். இறந்தவருக்கு மகிமையை வாங்கிக் கொடுத்துவிட்டு, அவரால் நொந்தவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்காமல் ஆசீர்வாதம் கூறிவிட்டு வந்திருக்கிறேன். வரிவசூல்காரன் சகேயு மனந்திரும்பியபோது அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்றான். உங்கள் கொழுந்தனாருக்கு அதற்கு நாள் இருக்கவில்லை. ஆகவே அவர் சார்பில் நான் சொல்கிறேன், நல்லா இருங்கம்மா.

மத்தேயு 25இல் வலதுபக்கம் நிற்பவர்களுக்குத் தாங்கள் செய்ததே ஞாபகமில்லை. "எப்பொழுது உம்மைப் பசியுள்ளவராகக் கண்டோம்?" என்று கேட்கிறார்கள். உங்களுக்கு நாள்கணக்காக ஞாபகமிருக்கிறது. படுக்கை மாற்றினவர்களுக்கு ஞாபகம் இருக்கத்தான் செய்யும். அதற்காக வலதுபக்கத்திலிருந்து யாரும் உங்களைத் துரத்திவிட மாட்டார்கள்.

கன்வென்ஷனில் ஒரு பிரசங்கியார், பரலோகத்தில் 5 கிரீடங்கள் உண்டு, உங்களுக்கு எத்தனை என்று கேட்டார். கணக்குப் போட்டுப் பார்த்தால் எனக்கு ஒன்றுகூடத் தேறாது போலிருக்கிறதே?
— ஐ.டி. ஊழியர், சென்னை

5 உண்டு என்பது சரிதான். அழிவில்லாத கிரீடம் (1 கொரிந்தியர் 9:25), மகிழ்ச்சியின் கிரீடம் (1 தெசலோனிக்கேயர் 2:19), நீதியின் கிரீடம் (2 தீமோத்தேயு 4:8), ஜீவகிரீடம் (யாக்கோபு 1:12, வெளிப்படுத்தல் 2:10), மகிமையுள்ள வாடாத கிரீடம் (1 பேதுரு 5:4). ஆனால் இவை 5 தனித்தனிச் சாமான்களா, ஒன்றையே ஐந்து விதமாகச் சொன்னதா என்பது வேறு கேள்வி. உங்கள் ஆபீசில் வருஷக் கடைசியில் மதிப்பெண் போட்டு வயிற்றைக் கலக்குவார்களே, பிரசங்கியார் பரலோகத்தையும் அப்படி ஆக்கிவிட்டார்.

கிரீடம் என்றதும் நமக்குக் கண்ணில் வருவது நாடகத்து ராஜா தலையில் இருக்கும் ஜிகினா வைத்த பொன்முடி. மூலத்தில் இந்த ஐந்து இடத்திலும் இருக்கும் சொல் ஸ்டெபானோஸ். ராஜாவின் முடிக்கு வேறு சொல் இருக்கிறது, தியதேமா. ஸ்டெபானோஸ் என்பது இலையில் பின்னிய வளையம், ஓட்டத்தில் ஜெயித்தவன் தலையில் வைப்பது. நம் பழைய தமிழில் இதற்கு அச்சாக ஒரு சொல் இருக்கிறதே: வாகை. வாகை சூடுவது என்று மொழிபெயர்த்திருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்திருக்கும்.

பவுல் இதைக் கொரிந்து பட்டணத்தாருக்கு எழுதியது சும்மா இல்லை. அவர் ஒன்றரை வருஷம் குடியிருந்த ஊர் அது. பக்கத்திலேயே இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை இஸ்த்மிய விளையாட்டுகள் நடக்கும். அங்கே பரிசாகக் கொடுத்தது பைன் மரக் கொப்பு, இல்லையென்றால் காய்ந்த செலரி இலை. செலரி நம் கொத்தமல்லிக்கு உறவுக்காரச் செடி. ஒரு கட்டு வாடின கீரைக்காக மாதக்கணக்கில் உடம்பை ஒடுக்கி ஓடுகிறார்களே என்றுதான் பவுல் "அழிவுள்ள கிரீடம்" என்கிறார். படித்த கொரிந்தியர் சிரித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. ஆண்டவர் தலையில் சேவகர் முள்ளுகளால் பின்னி வைத்தார்களே ஒரு முடி, அதற்கும் இதே ஸ்டெபானோஸ்தான். முதல் இரத்தசாட்சி ஸ்தேவானின் பெயரும் இதே சொல். ஜீவகிரீடம் தருவேன் என்ற வாக்கு போன சிமிர்னா சபை, இன்றைய துருக்கியின் இஸ்மீர், கி.பி. 155 வாக்கில் தன் கிழட்டுப் பேராயர் பாலிகார்ப்பை நெருப்புக்குப் பறிகொடுத்தது. கிறிஸ்துவைப் பழித்துவிட்டுப் போ என்று அதிகாரி கெஞ்சாத குறையாகக் கேட்டபோது, 86 வருஷம் அவருக்கு ஊழியம் செய்தேன், அவர் எனக்கு ஒரு பொல்லாங்கும் செய்யவில்லையே என்றாராம் அந்தத் தாத்தா. அவர் கிரீடக் கணக்குப் போட்டதாக யாரும் எழுதி வைக்கவில்லை.

தம்பி, கணக்கை மூடிவிட்டு வெளிப்படுத்தல் 4:10ஐ வாசியுங்கள். கிரீடம் வாங்கின மூப்பர்கள் அதைத் தலையிலேயே வைத்துக்கொண்டிருக்கவில்லை. கழற்றிச் சிங்காசனத்துக்கு முன்னால் வைத்துவிடுகிறார்கள்.

நாங்கள் ஊருக்கு ஒரு வீடு கட்டவே இங்கே வெயிலில் உழைக்கிறோம். பிதாவின் வீட்டில் நமக்குத் தனித்தனி மாளிகை இருக்குமா? பொன் வீதி நிஜமா?
— எலக்ட்ரீஷியன், துபாய்

யோவான் 14:2இல் "வாசஸ்தலங்கள்" என்று இருக்கிறது. ஆங்கில பைபிளின் பழைய மொழிபெயர்ப்பைப் பார்த்துப் பார்த்து நாம் அதை மாளிகையாக்கிவிட்டோம். மூலச் சொல்லுக்குத் தங்குமிடம் என்றுதான் அர்த்தம், "என்னில் நிலைத்திருங்கள்" என்ற சொல்லின் தங்கச்சி. அதுவும் "வீட்டில்" என்கிறார். ஒரே வீடு, நிறைய இடம். நம் ஊர்க் கூட்டுக் குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள், சண்டை இல்லாமல்.

நகரத்தின் அளவு 12,000 ஸ்தாதி என்று வெளிப்படுத்தல் 21 சொல்கிறது. ஒரு ஸ்தாதி ஏறக்குறைய 185 மீட்டர். பெருக்கினால் 2,200 கிலோமீட்டர், கன்னியாகுமரியிலிருந்து ஆகாய வழியாக டெல்லியை எட்டிப் பார்க்கும் தூரம். நீளம், அகலம், உயரம் மூன்றும் அதேதான். அப்படி எல்லாப் பக்கமும் சமமான ஒரு அறை சாலொமோனின் ஆலயத்தில் இருந்தது: மகா பரிசுத்த ஸ்தலம், 20 முழம். வருஷத்துக்கு ஒரு நாள், ஒரே ஒரு ஆசாரியன் மட்டும் உள்ளே போகலாம். யோவான் கண்டது அந்த அறையே ஊராக விரிந்துவிட்டதை. வாசல்கள் அடைக்கப்படுவதில்லை என்றும் எழுதியிருக்கிறார். பொன் வீதி நிஜமா என்று கேட்டால், பொன் அங்கே காலுக்குக் கீழே கிடக்கிறது என்பதை மட்டும் கவனியுங்கள். நாம் இங்கே அதை லாக்கரில் வைக்கிறோம்.

விதைக் காணிக்கை கொடுத்தால் பூமியில் நூறு மடங்கு, பரலோகத்திலும் பலன் என்று ஒரு ஊழியர் சொல்லி, என் மனைவியின் வளையலை வாங்கிக்கொண்டு போய்விட்டார். இது வேதத்தில் உண்டா?
— வாசகர், திருப்பூர்

மாற்கு 10:30. அந்த வசனத்தில் "துன்பங்களோடேகூட நூறத்தனையாக" என்று இருக்கிறது. துன்பங்களோடேகூட என்பதை அவர் எச்சிலோடு விழுங்கிவிட்டார். காசு கொடுத்து மறுமைக்குச் சீட்டு வாங்கும் வியாபாரத்தை எதிர்த்துத்தான் 1517இல் லுத்தர் 95 வாக்கியங்கள் எழுதினார். வளையலைத் திருப்பிக் கேளுங்கள். கேட்பது பாவமில்லை.

முடிவே இல்லாமல் பாட்டு பாடிக்கொண்டே இருந்தால் போரடிக்காதா தாத்தா?
— 7ஆம் வகுப்பு மாணவி, மதுரை

எனக்கும் அந்தப் பயம் இருந்தது கண்ணு. எனக்குக் குரலே கிடையாது. ஆனால் வெளிப்படுத்தல் 22ஆம் அதிகாரத்தில் "அவருடைய ஊழியக்காரர் அவரைச் சேவிப்பார்கள்" என்று இருக்கிறது. அதாவது வேலையும் உண்டு. என்ன வேலை என்று போடவில்லை. ஜீவவிருட்சம் மாதம் ஒரு முறை கனி தரும் என்று இருக்கிறது, பறிக்க ஆள் வேண்டுமே.

என் முதல் மனைவி 1989இல் இறந்துவிட்டாள். இரண்டாவது மனைவியும் நல்லவள். அங்கே போனால் யாரோடு இருப்பேன்?
— ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், தஞ்சாவூர்

இதே சிக்கலைச் சதுசேயர் (உயிர்த்தெழுதலை நம்பாத யூதப் பிரிவினர்) கேலியாகக் கேட்டார்கள், நீங்கள் கண்ணீரோடு கேட்கிறீர்கள். உயிர்த்தெழுதலில் "கொள்வனையும் கொடுப்பனையும் இல்லை" என்பது ஆண்டவரின் பதில். கொள்வனை கொடுப்பனை என்பது எவ்வளவு நம் ஊர்ச் சொல் பாருங்கள். வரதட்சணை, சீர், சம்பந்தி மரியாதை எல்லாம் அதில் அடங்கிவிட்டது. அது இல்லை என்றார், அன்பு இல்லை என்று சொல்லவில்லை. அந்த அம்மா இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்து உங்களைப் பற்றி என்ன பேசிக்கொள்வார்கள் என்பதுதான் நீங்கள் பயப்பட வேண்டிய விஷயம்.

ஐயா, நான் கத்தோலிக்கன். உங்கள் பத்திரிகையைப் பக்கத்து வீட்டில் வாங்கி வாசிப்பேன். திருவெளிப்பாட்டில் புதிய விண்ணகம், புதிய மண்ணகம், "கடலும் இல்லை" என்று வாசித்தார்கள். கடல் இல்லாத இடத்தில் எங்களுக்கு என்ன வேலை? என் தம்பி 2017 ஒக்கிப் புயலில் போனவன். உடல் வரவில்லை. கல்லறை இல்லை. நவம்பர் 2ஆம் தேதி மெழுகுவர்த்தியைக் கரையில் மணலில்தான் வைக்கிறோம்.
— மீனவர், கன்னியாகுமரி மாவட்டம்

இந்தக் கடிதத்தை மூன்று நாள் மேசையிலேயே வைத்திருந்தேன்.

நீங்கள் திருவெளிப்பாடு என்றும் நாங்கள் வெளிப்படுத்தல் என்றும் சொல்லும் இந்தப் புத்தகத்தை யோவான் எழுதியது பத்மு தீவில். ஏஜியன் கடலில் ஒரு சின்னத் தீவு. அவரை நாடுகடத்தி அங்கே போட்டிருந்தார்கள். அவருடைய ஏழு சபைகளும் அக்கரையில். தினமும் எழுந்தால் கண்முன்னே தண்ணீர், அவருக்கு அது சிறைச்சுவர். யூதருக்குப் பொதுவாகவே பெருங்கடல் பயம்தான். தானியேலில் மிருகங்கள் கடலிலிருந்துதான் ஏறி வருகின்றன, வெளிப்படுத்தலிலும் அப்படியே. ஆகவே கடல் இல்லை என்று அவர் எழுதும்போது, பிரிக்கிற ஒன்று இனி இல்லை, விழுங்குகிற ஒன்று இனி இல்லை என்று எழுதுகிறார். இதுதான் வேதபண்டிதர்கள் சொல்லும் விளக்கம். நானும் இதைத்தான் கல்லூரியில் படித்தேன்.

உங்களுக்கு இது போதாது என்று தெரியும். எனக்குத் தேரி மண் மாதிரி உங்களுக்குக் கடல். அது உங்களைப் பிரித்தது மட்டுமில்லை, சோறும் போட்டது. அதனால் ஒரு பக்கம் பின்னால் திருப்பச் சொல்கிறேன். 20ஆம் அதிகாரம், 13ஆம் வசனம். கடல் இல்லாமல் போவதற்கு முன்னால் ஒன்று நடக்கிறது: "சமுத்திரம் தன்னிலுள்ள மரித்தோரை ஒப்புவித்தது." கல்லறையில் கிடப்பவர்களைப் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். யோவான் அப்படிச் செய்யாமல் கடலைத் தனியாகக் கூப்பிட்டு, வாங்கினதைக் கொடு என்று கேட்க வைக்கிறார். கணக்கு முடிந்த பிறகுதான் கடலுக்கு விடுதலை. நீங்கள் மணலில் மெழுகுவர்த்தி வைக்கும் இடம் சரியான இடம்தான். உங்கள் தம்பியைக் கேட்க வேண்டிய வாசல் அதுதான்.

இன்னொன்றும் சொல்லலாம், இது பண்டிதர் விளக்கம் இல்லை, என் ஆசை. உயிர்த்தெழுந்த ஆண்டவர் சீஷர்களுக்குக் காட்சி தந்த இடங்களில் ஒன்று திபேரியா கடற்கரை. இராத்திரி முழுக்க வலை காலி. விடியற்காலையில் கரையில் ஒருவர் கரிநெருப்பு மூட்டி மீன் சுட்டுக்கொண்டிருக்கிறார். பிடித்த மீனை எண்ணிப் பார்த்து 153 என்று எழுதி வைத்திருக்கிறார்கள், மீன்காரர் அல்லாத யார் எண்ணுவார்கள்? மரணத்தை ஜெயித்து வந்தவருக்கு மீன் வாசம் பிடிக்காமல் போகவில்லை. உங்களுக்கு அங்கே என்ன வேலை என்ற கேள்விக்கு என்னிடம் இருப்பது இவ்வளவுதான்.

ஐயா, ஊரெல்லாம் கேட்கிறோம். உங்கள் கல்லறையில் என்ன வசனம் போடச் சொல்லியிருக்கிறீர்கள்?
— வாசகி, சாத்தான்குளம்

2 தீமோத்தேயு 4:7, "ஓட்டத்தை முடித்தேன்" என்று எழுதி வைத்திருந்தேன். ஐயரம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு வாசித்துவிட்டு, "நீங்க எப்ப ஓடினீங்க? பஸ்ஸுக்குக்கூட ஓடினதில்லையே" என்றாள். வேறு வசனம் தேடிக்கொண்டிருக்கிறேன்.